19 இஞ்சி வேண்டாம் தம்பி: தெருவுக்கும் ட்ராக்குக்கும் எந்தச் சில்லு?



போன எபிசோடு வந்த பிறகு எட்மண்டனில் இருந்து ஒரு தம்பி குரல் மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணை, கோல்ஃப் ஜிடிஐ மார்க் 7 வச்சிருக்கிறன். இப்ப 18 இஞ்சி சில்லு. 19 போட்டால் ட்ராக்கில இன்னும் நல்லாப் பிடிக்குமோ? அடுத்த மாசம் பிராண்ட்ஸ் ஹட்ச் ட்ராக் டேக்குப் போறன். திங்கட்கிழமை அதே காரிலதான் வேலைக்கும் போகவேணும்."

பதில் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. ட்ரெய்லரில் ஏற்றிப் போகிற பந்தயக் கார் வேறு. இந்தக் கார் எட்மண்டன் பக்கத் தெருக்களின் குழியும் ஸ்பீட் ஹம்பும் தாண்டி, ஏ10 ஏறி, எம்25-இல் டார்ட்ஃபர்ட் பாலம் கடந்து கென்ட் போக வேண்டும். நாள் முழுக்க ட்ராக்கில் ஓடிய அதே டயரில், மழை பெய்தாலும், இருட்டில் வீடு திரும்ப வேண்டும்.

முதலில் டயரில் எழுதியிருக்கும் எண்களைப் பார்ப்போம். தம்பியின் கார் 225/40 ஆர் 18 என்று வைத்துக்கொள்வோம். 225 என்பது அகலம், மில்லிமீட்டரில். 40 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. அதாவது 90 மி.மீ. 18 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சியில். இனி மூன்று அளவையும் ஒப்பிடலாம்:

• 225/45 ஆர் 17: பக்கச் சுவர் 101 மி.மீ., மொத்த விட்டம் 634 மி.மீ.
• 225/40 ஆர் 18: பக்கச் சுவர் 90 மி.மீ., மொத்த விட்டம் 637 மி.மீ.
• 235/35 ஆர் 19: பக்கச் சுவர் 82 மி.மீ., மொத்த விட்டம் 647 மி.மீ.

19-க்குப் போனால் கிடைப்பது 10 மி.மீ. கூடுதல் அகலம். போவது 8 மி.மீ. ரப்பர். குழியில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்த ரப்பரும் உள்ளே இருக்கும் காற்றும்தான். விட்டம் ஒன்றரை சதவீதம் கூடுவதால் ஸ்பீடோமீட்டர் முன்பைவிட அவ்வளவு குறைவாகக் காட்டும். கியரும் அதே அளவு நீளும், இழுவை கொஞ்சம் குறையும். பெரிய ரிம் பெரும்பாலும் பாரமும் கூட. வேகம் எடுக்கும்போது அந்தப் பாரத்தையும் சேர்த்துத்தான் எஞ்சின் சுழற்ற வேண்டும், பிரேக் பிடிக்கும்போது பிரேக்தான் அதையும் சேர்த்து நிறுத்த வேண்டும்.

"அகலமான டயர் என்றால் பிடிமானம் கூடத்தானே அண்ணை?" கூடும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது காரின் பாரமும் காற்றழுத்தமும்தான். அகலம் கூடும்போது அந்தப் பரப்பின் வடிவம் மாறுகிறது: குறுக்கே நீளும், முன்பின்னாகக் குறையும். பிடிமானத்தில் பெரிய வித்தியாசம் செய்வது ரப்பர் கலவை. 225-இல் நல்ல டயர், 235-இல் மலிவு டயரை வெல்லும். ஈர ரோட்டில் அகல டயர் தண்ணீர் மேல் சீக்கிரம் மிதக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டயர் அளவை விட இடம் முக்கியம் என்பதற்கு நம்ம ஆள் ஒருவரின் கதையே சாட்சி. 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ், அமெரிக்க ஃபார்முலா ஒன் பந்தயம். வெள்ளிக்கிழமை பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா, சரிவான 13-ஆவது வளைவில் பின் இடது டயர் போய்ச் சுவரில் மோதியது. அந்த வளைவின் பாரத்தை மிச்செலின் டயர் தாங்கவில்லை. பந்தயம் தொடங்குமுன் மிச்செலின் போட்ட 14 கார்களும் உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டன் காரில் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். அந்த ஆண்டின் 19 பந்தயங்களில் மற்ற 18-ஐயும் வென்றவை மிச்செலின் கார்கள்தான்! மோசமான டயர் இல்லை. அந்த ஒரு வளைவுக்குப் பொருந்தாத டயர்.

அதையே பிராண்ட்ஸ் ஹட்ச்சில் வைத்துப் பாருங்கள். வலஞ்சுழியாக ஓடும் ட்ராக். பேடக் ஹில், ட்ரூயிட்ஸ் இரண்டும் வலது வளைவு. முன்சக்கர இழுவைக் காரில் முன் இடது டயர்தான் முதலில் சூடாகி, முதலில் தேயும். பைலட் ஸ்போர்ட் கப் 2 மாதிரி அரை ஸ்லிக் டயர் அந்தச் சூட்டை நன்றாகத் தாங்கும், தெருவிலும் சட்டப்படி செல்லும். ஆனால் பள்ளம் குறைவு. குளிரில், தண்ணீர் தேங்கிய எம்25-இல் அதை நம்பி வேகமாக வர முடியாது.

எனவே என் பதில்:

ஒரே செட் என்றால் 18-இலேயே இருங்கள். 19 ரிம்முக்குப் போகும் காசில் நல்ல கோடை ஸ்போர்ட்ஸ் டயர் வாங்குங்கள்.

வருஷம் நாலைந்து தடவை ட்ராக் போவீர்கள் என்றால் இன்னொரு 17 செட் எடுங்கள். டயர் மலிவு, பக்கச் சுவர் கூட. ட்ராக்குக்கு 17, திங்கட்கிழமைக்கு 18. போல்ட் அமைப்பு 5-க்கு 112, நடுத்துளை 57.1 மி.மீ., ஆஃப்செட் 50-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ரிம்முக்கும் பிரேக் காலிப்பருக்கும் இடைவெளி இருக்கிறதா என்று போட்டுப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். டயரின் லோட் எண்ணும் கார்க் கையேட்டில் உள்ளதற்குக் குறையக் கூடாது.

ட்ராக்கில் காற்றழுத்தத்தை இறங்கிய உடனே, சூட்டோடு பாருங்கள். 10 டிகிரி ஏறினால் சுமார் 0.1 பார் கூடும். அப்போது இறக்கிவிட்ட காற்றை வீடு திரும்புமுன் மறக்காமல் திரும்ப நிரப்புங்கள். டயர் ஆறியதும் அழுத்தம் தாழ்ந்துவிடும். வெளிக்கிடுமுன் பள்ள ஆழத்தையும் அளந்து பாருங்கள். சட்டம் கேட்பது 1.6 மி.மீ. அதற்குக் கீழே பிடிபட்டால் ஒரு டயருக்கு 2,500 பவுண் வரை அபராதமும் 3 புள்ளியும். நரேன் எடுத்த புள்ளி வேறு, இது லைசன்ஸில் விழும் புள்ளி.

கடைசியாக, சில்லு அளவை மாற்றினால் இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள். சாதாரண பாலிசி பெரும்பாலும் ட்ராக் டேயை ஏற்காது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி, போய் வந்து எந்த டயர் முதலில் தேய்ந்தது என்று ஒரு மெசேஜ் போடுங்கோ. அடுத்த எபிசோடில் வாசிக்கிறோம்.