தரவுத்தளம் இல்லாத தளம்

2013 அக்டோபர் 1. அமெரிக்க அரசின் ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில் மருத்துவக் காப்பீட்டுக்கான பதிவு தொடங்கியது. கூட்டம் மொய்த்தது. பயனர் கணக்குத் தொடங்கும் இடத்திலேயே பெரும்பாலோர் முட்டிக்கொண்டு நின்றார்கள். முதல் நாளில் காப்பீடு எடுத்து முடித்தவர்கள் ஆறே பேர் என்று பிறகு வெளியான அரசுக் குறிப்புகள் சொல்லின.

தடுமாறியது பின்னாலிருந்த பதிவு முறைதான். காப்பீடு என்றால் என்ன, யாருக்குக் கிடைக்கும் என்று விளக்கிய முன்பக்கங்கள் தனி வேலை. வாஷிங்டனின் டெவலப்மென்ட் சீட் என்ற சிறு நிறுவனம் அவற்றை ஜெக்கில் என்ற இலவச மென்பொருளால் உருவாக்கியிருந்தது. இரண்டையும் ஒப்பிடுவது முழு நியாயமில்லை. பதிவு முறையைப் போல விளக்கப் பக்கத்துக்கு வருமானத்தைச் சரிபார்க்கும் பாரமெல்லாம் கிடையாது. ஆனால் பாரமில்லாத பக்கத்தின் மீது ஏன் பாரம் ஏற்ற வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி.

வேர்ட்பிரஸ் போன்ற முறையில் கட்டுரைகள் தரவுத்தளத்துக்குள் இருக்கும். வாசகர் சொடுக்கும்போது சர்வர் உரிய கட்டுரையைத் தேடி எடுத்து, வடிவம் கொடுத்து அனுப்பும். வாரம் ஒருமுறை மாறும் சிற்றிதழுக்கு இது தேவையற்ற சுமை. ஜெக்கில், ஹியூகோ வகை மென்பொருள்கள் எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே செய்து வைத்துவிடுகின்றன. சர்வருக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை மட்டுமே மிச்சம். உடைத்து உள்ளே புகத் தரவுத்தளமும் இல்லை, நிர்வாகி கடவுச்சொல்லும் இல்லை.

இந்தப் பக்கங்களின் மூலப்பொருள் மார்க்டவுன். ஆரன் ஸ்வார்ட்ஸின் யோசனைகளையும் சேர்த்துக்கொண்டு 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட எழுத்து முறை இது. தலைப்புக்கு முன் ஒரு #, அழுத்தம் தர வேண்டிய சொல்லின் இருபுறமும் இரண்டு நட்சத்திரங்கள். இவ்வளவு தெரிந்தாலே கட்டுரை எழுதத் தொடங்கிவிடலாம். எந்தத் தனி மென்பொருளும் இல்லாமல் அப்படியே படிக்கவும் முடியும்.

ஹியூகோவை நிறுவி ஒரு கட்டளை கொடுத்தால் கோப்புறைகள் தயார். கட்டுரைகள் ‘கன்டென்ட்’ கோப்புறைக்குள் போகும். தோற்றத்துக்கு ஆயத்தத் தீம்கள் கிடைக்கின்றன. ஒவ்வொரு கோப்பின் உச்சியிலும், மும்மூன்று சிறுகோடுகள் கொண்ட இரு வரிகளுக்கு நடுவே, தலைப்பு, தேதி, பகுப்பு ஆகியவற்றை எழுத வேண்டும். தலைப்பில் முக்காற்புள்ளியும் அடுத்து இடைவெளியும் வரும்போது முழுத் தலைப்பையும் மேற்கோள் குறிக்குள் போடாவிட்டால் தளத்தை உருவாக்கும் வேலை பிழை காட்டி நின்றுவிடும். சோதனைச் சர்வரை ஓடவிட்டால் எழுத எழுதப் பக்கம் திரையில் மாறிக்கொண்டே இருக்கும். திருப்தியானதும் இன்னொரு கட்டளை. ‘பப்ளிக்’ கோப்புறையில் முழுத் தளமும் வந்துவிடும். அதை மட்டும் ஏற்றினால் போதும். ஏற்றுமுன் அமைப்புக் கோப்பில் இருக்கும் மாதிரி முகவரியை நீக்கிச் சொந்த முகவரியைப் போட மறந்தால் இணைப்புகள் வேறெங்கோ இழுத்துப் போகும்.

தமிழ் இதழுக்கென்றே சில தனிச் சிக்கல்கள் உண்டு. மார்க்டவுனில் என்டர் தட்டுவதால் மட்டும் வரி உடையாது. புதுக்கவிதையின் வரிகளெல்லாம் ஒட்டிக்கொண்டு உரைநடையாகிவிடும். கவிஞர் சண்டைக்கு வருவார். உடைய வேண்டிய வரியின் கடைசியில் இரண்டு இடைவெளி விட வேண்டும். அடுத்து, கோப்பின் பெயரைத் தமிழில் வைத்தால் அதுவே பக்கத்தின் முகவரியாகும். நகலெடுத்து அனுப்பும்போது ‘தமிழ்’ என்ற ஒரு சொல் 45 எழுத்துக் குறியீடாக நீளும். முகவரிக்கென்று ரோமன் எழுத்தில் சுருக்கப் பெயர் ஒன்றைக் கோப்பின் உச்சியிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விட அதிகம் குழப்புவது நேரம். எதிர்காலத் தேதியிட்ட கட்டுரையை ஹியூகோ இயல்பாக வெளியிடாது. நேர மண்டலம் குறிப்பிடாவிட்டால் நேரத்தை உலகப் பொது நேரமாகவே எடுத்துக்கொள்ளும். மாலை 5 மணி என்று தேதியிட்ட கட்டுரை இந்தியாவில் இரவு 10.30க்குத்தான் அதன் கணக்கில் வெளியாகத் தகுதி பெறும். அப்போதும் தானாக வெளிவராது. யாராவது தளத்தை மறுபடி உருவாக்கி ஏற்ற வேண்டும்.

உடனடிச் செய்தி போடும் நாளிதழுக்கு இந்த ஏற்பாடு உகந்ததல்ல. வாசகர் கருத்து, தேடல், சந்தா போன்றவற்றுக்கு வெளிச் சேவைகளை நாட வேண்டும். வேர்ட்பிரஸ்ஸிலிருந்து 2017இல் ஹியூகோவுக்கு மாறிய இணைய இதழான ஸ்மாஷிங் மேகசினும் கருத்துப் பகுதிக்குத் தனி ஏற்பாடு செய்தது.

கோப்புகளைக் கிட் முறையில் இயங்கும் கிட்ஹப் தளத்தில் வைத்துக்கொண்டால் யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்பது பதிவாகும். கிட் கட்டளைகளைக் கண்டாலே ஒதுங்கும் உதவி ஆசிரியர்களுக்காக, பிரவுசரிலேயே எழுதிச் சேமிக்க உதவும் இலவச மென்பொருள்களும் உள்ளன. அவற்றில் ஒன்றான நெட்லிஃபை சிஎம்எஸ் 2023இல் வேறு கைக்கு மாறி, டெகாப் சிஎம்எஸ் என்று பெயரும் மாற்றிக்கொண்டது. அதில் எழுதிய மார்க்டவுன் கோப்புகளில் ஒரு வரியைக்கூட அதற்காக யாரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.