திரை புதிதாகும்போது தமிழ்

கணினியைத் திறந்தவுடன் கண்ணில் படும் பின்னணிப் படம், பட்டியல்கள், சாளரங்கள், கோப்புறைகள், அறிவிப்புகள் ஆகிய அனைத்தையும் ஒன்றிணைத்துத் தரும் மென்பொருள் தொகுதிக்குப் பணிமேடைச் சூழல் என்று பெயர். விண்டோஸில் திரையும் இயங்குதளமும் ஒரே நிறுவனத்திடமிருந்து ஒன்றாகவே வருவதால், இப்படி ஒரு பகுதி தனியே இருப்பதைப் பலர் உணர்வதில்லை. லினக்ஸிலோ வன்பொருளை ஆளும் கெர்னல் என்னும் கருப்பகுதியை ஒரு குழுவினரும், பணிமேடையை வேறொரு குழுவினரும் உருவாக்குகின்றனர்; இவற்றைத் தொகுத்துப் பயனருக்கு அளிக்கும் டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்றவை வழங்கல்கள் எனப்படுகின்றன.

கோலார் தங்கவயலின் பாலகாட், சாம்பியன் ரீஃப், உரிகம் முதலிய சுரங்கங்களின் வரலாற்றை அறிந்தோருக்கு இந்தப் பிரிவினை எளிதில் விளங்கும். 1902இல் சிவசமுத்திரத்துக் காவிரி நீரிலிருந்து எடுக்கப்பட்ட மின்சாரம் தங்கவயலை எட்டியபோது இயந்திரங்களை ஓட்டிய விசை மாறியதே தவிர, பூமிக்குள் இறங்கும் குழிகளும் பாறையும் அதிலிருந்த தங்கமும் இருந்த இடத்திலேயே இருந்தன. பணிமேடையை மேம்படுத்துவதும் அத்தகையதே: கெர்னலும் பயனரின் ஆவணங்களும் இருந்தபடியே இருக்க, அவற்றை எட்டுவதற்கான வழிமுறை மட்டும் மாறுகிறது. ஆனால் நாள்தோறும் அந்த வழியாகவே வேலைக்குப் போய்வருபவருக்கு அது சிறிய மாற்றமன்று.

லினக்ஸ் உலகின் இரு பெரும் பணிமேடைகளுள் கேடிஈ 1996 அக்டோபரிலும் க்னோம் 1997 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. இவ்விரண்டின் வரலாற்றிலும் பயனர்களைக் கலங்கடித்த மேம்படுத்தல்கள் உண்டு. 2008 ஜனவரியில் வெளிவந்த கேடிஈ 4.0 பல வசதிகள் முழுமை பெறாத நிலையிலேயே வந்தது. 2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3, பழகிய பட்டியல்களையும் கீழ்ப்பட்டையையும் நீக்கிவிட்டு முற்றிலும் புதிய தோற்றத்தை முன்வைத்தபோது, லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அதைக் கைவிட்டு எக்ஸ்எஃப்சிஈ என்னும் எளிய பணிமேடைக்கு மாறினார். மூலநிரல் அனைவருக்கும் திறந்திருந்ததால் க்னோம் 2ஐ விரும்பியவர்கள் அதை அழியவிடாமல் மாட்டே என்ற பெயரில் தொடர்ந்தனர். கட்டற்ற மென்பொருள் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

தமிழ்நாட்டில் இந்த மாற்றம் பள்ளி மாணவர்கள் வரை எட்டியது. சிடாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், க்னோம் பணிமேடையில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடமளித்தது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. க்னோம் உலகெங்கும் உருமாறிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் ஏராளமான மாணவர்கள் முதன்முறையாக ஒரு லினக்ஸ் திரையைக் கண்டனர்.

மேம்படுத்தலால் தமிழ்ப் பயனருக்கு நேரும் இழப்பு பிறர் கவனத்துக்கு எளிதில் வருவதில்லை. திரையில் தோன்றும் ஒவ்வொரு சொற்றொடரும் ஒரு மொழிபெயர்ப்புக் கோப்பில் ஆங்கில வரியும் அதற்கு நேரான தமிழ் வரியுமாகப் பதிந்திருக்கிறது. புதிய பதிப்பில் 'அழி' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல் 'குப்பைக்கு நகர்த்து' என்ற பொருளுக்கு மாற்றப்பட்டால், பழைய தமிழ் வரி ஐயத்துக்குரியது என்று குறிக்கப்பட்டு ஒதுக்கப்படும். தன்னார்வலர் ஒருவர் அதைச் சரிபார்த்து உறுதி செய்யும்வரை அந்த இடத்தில் ஆங்கிலமே தோன்றும். நேற்றுவரை முழுத் தமிழில் இருந்த திரை, மேம்படுத்திய மறுநாள் தமிழும் ஆங்கிலமும் கலந்து நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சொற்றொடர்களில் 80 விழுக்காடாவது மொழிபெயர்க்கப்பட்ட மொழியையே க்னோம் திட்டம் முழு ஆதரவு பெற்ற மொழியாகக் கணக்கிட்டு வந்துள்ளது. ஆகவே ஒருமுறை எட்டிய இடத்தில் நிற்பதற்கே தமிழ் தொடர்ந்து உழைக்க வேண்டியிருக்கிறது. ஊதியமின்றி அந்த உழைப்பைத் தந்துவரும் தமிழ்நாட்டு, ஈழத்து, புலம்பெயர் தன்னார்வலர்கள் தமிழ்ச் சமூகத்தின் நன்றிக்கு உரியவர்கள்.

தட்டச்சும் இதே போன்ற சோதனைக்கு உள்ளாகிறது. தமிழ்99 விசைப்பலகை வழியாகத் தட்டும் எழுத்துகளைத் தமிழாக்கித் தருவது உள்ளீட்டு முறை எனப்படும் இடைநிலை மென்பொருளின் பணியாகும். க்னோம் 2012 முதல் ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையைத் தன்னுள்ளேயே இணைத்துக்கொண்டது. திரையில் சாளரங்களை வரைந்து காட்டும் பழைய எக்ஸ்11 முறையிலிருந்து வேலண்ட் என்னும் புதிய முறைக்குப் பணிமேடைகள் நகர்ந்துவருகின்றன. 2024 பிப்ரவரியில் வந்த கேடிஈ பிளாஸ்மா 6 வேலண்டையே இயல்பிருப்பாகக் கொண்டுள்ளது. இந்த மாற்றத்தின்போது உள்ளீட்டு முறையை அமைப்புகளில் மீண்டும் ஒருமுறை தேர்ந்தெடுக்க நேரிடலாம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் தங்கவயல் மக்களிடையே தமிழ் வீட்டு மொழியாகவும் கன்னடம் ஆட்சி மொழியாகவும் ஆங்கிலம் அலுவலக மொழியாகவும் இருப்பதால், மூன்று விசைப்பலகைகளுக்கிடையே ஒரே சொடுக்கில் மாறும் வசதி பாலகாட் போன்ற ஊரில் அன்றாடத் தேவையாகும். க்னோமில் விண்டோஸ் சின்னமுள்ள விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் இம்மாற்றம் நிகழும்.

மேம்படுத்த விரும்புவோர் முதலில் தம் வீட்டுக் கோப்புறை முழுவதையும் வெளி வட்டில் நகலெடுத்துக்கொள்வது இன்றியமையாதது, ஏனெனில் டெபியன் போன்ற வழங்கல்கள் புதிய பதிப்பிலிருந்து பழையதற்குத் திரும்புவதை ஆதரிப்பதில்லை. பணிமேடையின் அமைப்புகள் புள்ளியில் தொடங்கும் பெயர்கொண்ட மறைவான கோப்புறைகளில் தங்கியிருப்பதால், புதிய பதிப்பு பழைய அமைப்புகளோடு முரண்படுவதும் உண்டு. அத்தகைய ஐயம் எழும்போது புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி அதில் நுழைந்து பார்க்கலாம். அங்கே எல்லாம் சீராக இயங்கினால் கோளாறு பழைய அமைப்புகளில்தான் உள்ளது என்று துணியலாம். ஒரே கணினியில் இரண்டு பணிமேடைகளை நிறுவி, நுழைவுத் திரையில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கவும் வழியுண்டு. நினைவகம் குறைந்த பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஈ அல்லது எல்எக்ஸ்க்யூடி பொருத்தமானது. கணினி தள்ளாடுவதற்காக அதைத் தூக்கியெறியும் முன் இவற்றுள் ஒன்றை நிறுவிப் பார்ப்பது நல்லது.

க்னோம் ஆண்டுதோறும் மார்ச்சிலும் செப்டம்பரிலும் புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சில வாரங்களுக்கு முன்பே ஆங்கிலச் சொற்றொடர்களில் மேலும் மாற்றம் செய்வது நிறுத்தப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் விடுபட்டவற்றை நிரப்புவதற்கென்றே அந்த வாரங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன, இணைய இணைப்பும் நல்ல தமிழும் உடைய எவரும் அதில் சேரலாம்.