பாலாற்று மண் – 9: உப்பு வெளியேற ஒரு வழி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களைச் சுற்றிக் கெட்டுப்போன விளைநிலங்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரை எப்படி நிறுத்துவது என்பதோடு முடிந்துவிடுகிறது. ஏற்கெனவே மண்ணுக்குள் இறங்கிவிட்ட உப்பை எப்படி வெளியேற்றுவது என்ற கேள்வி, அதைவிடக் கடினமானதாக இருந்தும், உரிய கவனத்தைப் பெறவில்லை. கழிவுநீர் இன்றே முற்றிலும் நின்றுவிட்டாலும் நிலம் தானாகத் தேறிவிடாது. சோடியம் குளோரைடு ஆவியாகிப் போவதில்லை, நுண்ணுயிரிகளால் சிதைவதுமில்லை, பயிர் உறிஞ்சி எடுத்துச் செல்லும் அளவும் மிகச் சொற்பம். அதைக் கொண்டுவந்த நீர்தான் அதைக் கொண்டுபோகவும் வேண்டும். அந்த நீர் வயல் முழுவதும் ஒரே அளவில் நின்று இறங்கவும், பின்னர் வடிந்து வெளியேறவும் நிலத்தின் மட்டம் ஒழுங்காக அமைய வேண்டும் என்பதால், இப்பகுதியின் மண் மீட்பில் பாதிக்கு மேற்பட்ட பங்கு மண்வேலைக்கு உரியது.

பச்சைத் தோல் அழுகாமலிருக்க, அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உப்பு தடவப்படுகிறது. பதனிடுதலின் முதற்கட்டமான ஊறவைத்தலில் இந்த உப்பு நீரில் கரைந்து வெளியேறுகிறது. கழிவுநீரில் கரைந்துள்ள திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று மாசுக் கட்டுப்பாட்டு விதி வரம்பிட்டிருக்கிறது; ஆனால் அந்த வரம்புக்குள் அடங்கிய நீரையே ஒரு ஹெக்டேரில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினாலும் அந்த ஒரே பாசனத்தில் 2.1 டன் உப்பு நிலத்தில் சேர்கிறது. பல ஆண்டுகள், ஆண்டுக்குப் பல முறை, கிணற்று நீராகவும் ஏரி நீராகவும் இவ்வாறு சேர்ந்த உப்பின் கணக்கே இன்றைய நிலத்தின் கதை.

இக்கதை நீதிமன்ற ஆவணங்களிலும் பதிவாகியிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் நடத்திய ஆய்வை மேற்கோள் காட்டி, தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போனதாகக் குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய அத்தீர்ப்பின் வழியே அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம், 2001 மார்ச் 7 அன்று, அப்போதைய வேலூர் மாவட்டத்தின் 186 கிராமங்களில் 15,164.96 ஹெக்டேர் நிலத்துக்காக 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இழப்பீட்டை இரண்டு தலைப்புகளில் கணக்கிட வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொல்லியிருந்தது: பாதிக்கப்பட்டவர்களுக்குத் தருவது ஒன்று, கெட்ட சூழலை மீட்டெடுப்பது மற்றொன்று. முதல் தலைப்பு உழவர்களின் கைக்குச் சேர வேண்டிய நியாயமான தொகை. இரண்டாவது தலைப்புதான் இந்தக் கட்டுரையின் பொருள். வயலின் மட்டத்தில் அதற்கு என்ன பொருள் என்பது தெளிவாகாதவரை அது தீர்ப்பின் ஒரு வரியாகவே தங்கிவிடும்.

உப்பால் கெட்ட மண்ணை வேளாண் அறிவியல் இரண்டாகப் பிரிக்கிறது. கரையும் உப்பு மிகுந்து, மின் கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டிய மண் உவர் மண். மண்துகள்களின் மேற்பரப்பில் ஒட்டியுள்ள நேர்மின் அயனிகளில் சோடியத்தின் பங்கு 15 விழுக்காட்டைத் தாண்டி, கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல் ஏறிய மண் களர் மண். தோல் கழிவுநீர் பாய்ந்த நிலங்களில் இவ்விரு கேடுகளும் கலந்தே காணப்படுவது சிக்கலை இரட்டிப்பாக்குகிறது. கால்சியம் ஒட்டிய களிமண் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக் கட்டிகளாகச் சேர்ந்து இடையில் நீர் இறங்கத் துளைகளை விடுகின்றன. சோடியம் ஒட்டிய துகள்களோ நீர் பட்டதும் பிரிந்து சிதறி அத்துளைகளை அடைத்துவிடுகின்றன. கரைந்த உப்பு மண்ணில் மிகுதியாக இருக்கும் வரை இச்சிதறல் ஓரளவு அடங்கியிருக்கும். நல்ல மழை பெய்து மேலுள்ள உப்பு கழுவப்பட்ட பிறகு, சோடியம் மட்டும் துகள்களில் எஞ்சியிருப்பதால், நிலம் முன்னைவிட இறுகி, மேலே பொறுக்குக் கட்டி, நீரை உள்ளே விடாமல் நாட்கணக்கில் தேக்கி வைக்கிறது. நன்னீர் பாய்ந்தும் நிலம் மோசமாவதைக் கண்டு மனம் தளர்ந்த உழவர்களின் அனுபவத்துக்கு இதுவே விளக்கம். அவர்களது உழைப்பில் பிழை ஏதும் இல்லை, சோடியத்தை இடம்பெயர்க்கும் கால்சியம் அந்நீரில் இல்லை.

அந்தக் கால்சியத்தை மலிவாகத் தருவது ஜிப்சம். மண் பரிசோதனை காட்டும் தேவையில் பாதியை இட்டு, நீரைத் தேக்கி, கரைந்த உப்புகளை வடித்து, நடவுக்கு 10 முதல் 15 நாட்களுக்கு முன் ஹெக்டேருக்கு 5 டன் பசுந்தழை உரத்தை மடக்கி உழ வேண்டும் என்பது களர் நிலத்து நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் பரிந்துரை. திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் களர் மண்ணிலேயே அமைந்திருக்கும் அப்பல்கலைக்கழகக் கல்லூரி, அத்தகைய மண்ணைத் தாங்கும் திருச்சி 1 போன்ற நெல் வகைகளை உருவாக்கியதும் இங்கே நினைக்கத்தக்கது. ஆனால் ஜிப்சம் எளிதில் கரையும் பொருள் அன்று. ஒரு லிட்டர் தூய நீரில் ஏறத்தாழ இரண்டரை கிராம் மட்டுமே கரையும். ஹெக்டேருக்கு 5 டன் இட்டால் அது முழுவதும் கரைய 2,000 கன மீட்டர் நீர், அதாவது வயல் முழுவதும் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் வேண்டும். மண்ணிலுள்ள சோடியம் கால்சியத்துக்கு இடம்விட்டு விலகுவதால் நடைமுறையில் இதைவிடக் குறைந்த நீரிலும் கரையும் என்றாலும், நீர் ஒரே சீராக நிற்க வேண்டும் என்ற நிபந்தனை மாறுவதில்லை.

நிலத்தைச் சமன்படுத்துவதன் முக்கியத்துவம் இங்குதான் வெளிப்படுகிறது. ஒரு வயலுக்குள் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 10 சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தால், பள்ளத்தில் நீர் நிற்கும்போது மேடு காய்ந்து கிடக்கும். அங்கே இட்ட ஜிப்சம் கரையாமல் கிடப்பதோடு, சுற்றிலும் உள்ள ஈரம் மண்ணின் நுண்துளைகள் வழியே மேட்டை நோக்கி ஏறி, அங்கே ஆவியாகி, தன்னுடன் கொண்டுவந்த உப்பை மேற்பரப்பில் வெள்ளையாகப் பூக்க விடும். களர் வயல்களில் திட்டுத்திட்டாகப் பயிர் கருகுவதற்கு இந்தச் சிறிய உயர வேறுபாடே பெரும்பாலும் காரணமாகிறது. மாடு பூட்டிப் பரம்படிப்பது சேற்று வயலில் இந்த வேறுபாட்டைக் கணிசமாகக் குறைக்கும். பெரிய பரப்பில், காய்ந்த நிலத்தில், கண்ணளவால் அதைச் சாதிப்பது அரிது. லேசர் சமன்படுத்தும் கருவியில், வயலோரத்தில் முக்காலியின் மேல் சுழலும் ஒளிக்கற்றை ஒரு கற்பனைத் தளத்தை வரைய, டிராக்டர் இழுக்கும் மண்வாரியின் கம்பத்தில் உள்ள உணர்வி அத்தளத்தைப் பற்றிக்கொண்டு வெட்டுத்தகட்டைத் தானாக ஏற்றி இறக்குகிறது. இதனால் வயலின் மட்டம் இரண்டு சென்டிமீட்டர் வேறுபாட்டுக்குள் அடங்குகிறது.

இக்கருவி இவ்வளவு துல்லியமாக வேலை செய்வதாலேயே அதை எங்கே, எவ்வளவு ஆழம் பயன்படுத்துவது என்பதில் எச்சரிக்கை தேவை. மேட்டை ஆழமாக வெட்டினால் வளமான மேல்மண் பள்ளத்துக்குப் போய், இறுகிய அடிமண் வெளியே வந்துவிடும். வேறுபாடு அதிகமுள்ள நிலத்தை ஒரே தளமாக்க முயலாமல், சரிவைத் தழுவிச் சிறு பாத்திகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே சமன்படுத்துவதே தக்கது. தோல் கழிவு பாய்ந்த நிலத்துக்கு மற்றொரு கவலையும் உண்டு. பதனிடுதலில் பயன்படும் மூன்றிணைதிறன் குரோமியம் நீரில் எளிதில் கரையாமல் மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது. எனவே உப்பைக் கழுவும் நீர் அதைக் கழுவாது. மண்வாரியோ அதை வயல் முழுவதும் பரப்பிவிடும். மண்ணைப் பரிசோதிக்காமல் இங்கு ஒரு கூடை மண்ணையும் நகர்த்தக்கூடாது. ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலைச் சுற்றியுள்ள நிலமோ முற்றிலும் வேறு வகைப்பட்டது. கரையக்கூடிய, நச்சு மிகுந்த ஆறிணைதிறன் குரோமியம் உள்ள அங்கே இந்த முறைகளுக்கு இடமே இல்லை.

சமன்படுத்தலுக்கு அடுத்தது வடிகால். உவர் நிலத்துக்கு 60 சென்டிமீட்டர் ஆழமும் 45 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட கிளை வடிகால்களையும் முதன்மை வடிகாலையும் அமைக்கும்படி வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. நிலத்தின் விளிம்பைச் சிறிது இழக்க நேர்வதால் சிறு உழவர் இதற்குத் தயங்குவது இயல்பே. அரியானாவில், 1969-இல் தொடங்கப்பட்ட கர்னால் மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டலில், துளையிட்ட குழாய்களை ஒன்றரை மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் புதைத்து நிலத்தடி வடிகால் அமைக்கும் முறை பரவியது. அங்கே கால்வாய்ப் பாசனத்தால் நிலத்தடி நீர் உயர்ந்து வேரை எட்டியதே நோய். பாலாற்றுப் பகுதியிலோ கிணறுகள் இறைத்து இறைத்து நீர்மட்டம் கீழே போயிருக்கிறது. அடைப்பு இருப்பது மேல்மண்ணில். ஆகவே விலையுயர்ந்த அந்தக் குழாய்களை இங்கே அப்படியே பெயர்த்து வைப்பது பொருந்தாது. சமமான பாத்தியும், ஜிப்சமும், திறந்த வடிகாலுமே இம்மண்ணுக்கு ஏற்றவை.

வயலிலிருந்து வெளியேறும் உப்பு எங்கே போகும் என்பதே இந்த முயற்சி முழுவதிலும் கடினமான கேள்வி. ஒரு வயலின் வடிகால் ஓடையில் சேர்ந்து, ஓடை ஏரியில் சேர்ந்து, அந்த ஏரியின் கலிங்கு வழியே அடுத்த ஏரிக்கோ பாலாற்றுக்கோ போய்ச் சேருவதே இங்குள்ள நீர் வழி; எனவே மேலூர்க்காரர் வயலைக் கழுவினால் கீழூர்க்காரரின் ஆயக்கட்டு கெடும். வடிகாலை விட்டு நேரே கீழே இறங்கும் உப்போ, அதே உழவர் பின்னாளில் இறைக்கும் கிணற்று நீரில் திரும்பி வரும். வடிகால் நீரைக் கண்காணிப்பின்றி ஓரிடத்தில் சேர்த்தால் என்ன நேரும் என்பதை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் கண்டது: சான் வாக்கின் பள்ளத்தாக்கு வயல்களின் வடிகால் நீர் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் தேங்க, அதிலிருந்த செலினியத்தால் உடல் கோணிய நீர்ப்பறவைக் குஞ்சுகள் 1983-இல் கண்டறியப்பட்டன. குரோமியமும் உப்பும் கலந்த பாலாற்று மண்ணுக்கு இந்த எச்சரிக்கை நேரடியாகப் பொருந்தும்.

ஆகவே இவ்வேலையைத் தனி உழவரின் பட்டா எல்லைக்குள் முடிக்க இயலாது. ஓர் ஏரியின் ஆயக்கட்டையோ ஓர் ஓடையின் நீர்ப்பிடிப்பையோ ஓர் அலகாகக் கொண்டு, அதன் மேல்முனையிலிருந்து பாலாறு வரை மட்டம் எடுத்து, வடிகால்களின் சரிவை ஒரே வரைபடத்தில் வகுக்க வேண்டும். ஆண்டுக்கு 900 முதல் 1,000 மில்லிமீட்டர் வரை பெய்யும் மழையே இப்பகுதிக்குக் கிடைக்கும் செலவில்லாத நன்னீர் என்பதால், கோடையில் சமன்படுத்தலையும் வரப்பு வேலையையும் முடித்து ஜிப்சத்தை இட்டுவைத்து, மழைக்காலத்தில் நீரைத் தேக்கி, ஆற்றில் வெள்ளம் புரண்டோடும் நாட்களில் மட்டும் வடிகால் மதகுகளைத் திறந்துவிடுவது, கீழூர்களுக்குச் சேரும் உப்பின் செறிவைக் குறைக்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் ஓடியது போன்ற வெள்ளம் அரிது. அத்தகைய நாட்களுக்கு மதகுகள் முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தாக வேண்டும்.

பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் விரிவான ஆணைகளைப் பிறப்பித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கான தொகையை அரசு வழங்கி மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்கும்படி கூறியிருக்கிறது. சூழலை மீட்கும் தலைப்பில் இனி ஒதுக்கப்படும் பணத்தின் முதல் பகுதி, ஆயக்கட்டு வாரியான மட்ட அளவீட்டுக்கும், குரோமியத்தையும் சோடியத்தையும் அளக்கும் மண் பரிசோதனைக்கும், ஒவ்வோர் ஓடை முகத்திலும் மின் கடத்துதிறனைப் பதிவு செய்யும் கருவிக்கும் போக வேண்டும். புல்டோசரும் லேசர் கருவியும் அதற்குப் பின்னரே வயலில் இறங்க வேண்டும். சமன்படுத்தும் காலத்திலும் உப்பைக் கழுவும் காலத்திலும் சாகுபடியை விட்டுக்கொடுக்கும் சிறு உழவருக்கு அப்பருவங்களின் வருமானத்தை ஈடுகட்டும் தொகையும் அதே திட்டச் செலவின் ஓர் உறுப்பாகவே கணக்கிடப்பட வேண்டும்.