நிரலுக்கும் ஓர் அகலம்

நம் பிள்ளைகள் பலர் இன்று கணினி நிரல் எழுதும் பணியில் இருக்கின்றனர். ஒரே நிரலைப் பலர் கூடி எழுதுங்கால், வரியின் தொடக்கத்தில் எத்தனை இடம் விடுவது, நீண்ட வரியை எங்கே முறிப்பது என்பதில் பூசல் எழுவதுண்டு. அற்பச் சண்டையென நகைத்துவிடலாகாது. ஒருவர் தம் விருப்பப்படி இடைவெளிகளை மாற்றினால், நூறு வரிகள் மாறியதாகக் கணினி காட்டும். பிழை புகுந்த ஒரு வரி அவற்றினிடையே மறைந்துவிடும்.

எது சரியான அளவு? 1928-இல் வந்த ஐ.பி.எம். துளையட்டையில் 80 பத்திகள் இருந்தன. பின்னர் திரைகளும் அவ்வளவையே ஏற்றன. 2001-இல் எழுதப்பட்ட பைத்தான் மொழியின் நடைவிதி, தொடக்கத்தில் 4 இடம், வரிக்கு 79 எழுத்து என்கிறது. லினக்ஸ் விதியோ 8 இடம் என்கிறது. இரண்டும் செவ்வனே நடைபெறுகின்றன. 2009-இல் வெளிவந்த கோ மொழியினர், வரித் தொடக்கத்தை ஒழுங்குசெய்யும் பொறுப்பை ஒரு கருவியிடமே ஒப்படைத்துப் பூசலைத் தீர்த்தனர்.

மீட்டர் பாதையும் அகலப் பாதையும் சந்தித்த நிலையங்களில் சரக்கை இறக்கி ஏற்றிய துன்பத்தை, இரயில்வேயில் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அகலம் எதுவாயினும் ஆகுக. பாதை போடுமுன் உடன்பட்டுவிடுவதே அறிவுடைமை.