‘டக்டாரி’ என்று அழைக்கப்படும் மாணவர்

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மருத்துவம் படிப்பவர்கள், படிப்பின் இறுதிக் கட்டத்தில் சில வாரங்களைத் தாமே தேர்ந்துகொள்ளும் ஓரிடத்தில் பயிற்சிக்குச் செலவிட இடம் உண்டு. எலெக்டிவ் என்று வழங்கும் இந்த விருப்பப் பயிற்சிக்காக அவர்களில் ஒரு பகுதியினர் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் கிறிஸ்தவ மிஷன்கள் நிறுவிய மருத்துவமனைகளை நாடுகின்றனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வார்டுகளில் வெளிநாட்டு மாணவர்களைக் கண்டிருக்கும் தமிழ் வாசகர்களுக்கு இது புதிய காட்சியன்று. வேலூரோ இன்று பெருநகர மருத்துவமனைகளோடு போட்டியிடும் நிலையில் இருக்கிறது. ஆகவே, இத்தகைய பயிற்சி மாணவரை எப்படிச் சோதிக்கிறது என்பதை அறிய, கென்யாவின் மேட்டு நிலத்தில் பொமெட் வட்டாரத்தில் உள்ள டென்வெக் மருத்துவமனையைப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

நைரோபியிலிருந்து சாலை வழியே 200 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவில், கிப்சிகிஸ் மக்கள் வாழும் தேயிலை நாட்டில், 1937-ஆம் ஆண்டு ஒரு சிறு மருந்தகமாகத் தொடங்கப்பட்ட டென்வெக்குக்கு முதல் நிலையான மருத்துவராக எர்னஸ்ட் ஸ்டியூரி என்னும் அமெரிக்கர் வந்து சேர்ந்தது 1959-இல்தான். அதுவரை செவிலியர்களே அதை நடத்தி வந்தனர். அருகில் ஓடும் ந்யாங்கோரெஸ் ஆற்றின் அருவியில் 1980-களில் சொந்தமாக ஒரு நீர்மின் நிலையம் அமைத்துக்கொண்டபின் மின்வெட்டின் தொல்லை குறைந்தது. சிகிச்சை தருவது நாங்கள், குணமாக்குவது இயேசு என்ற பொருள்படும் வாசகமே இம்மருத்துவமனையின் முகப்பு மொழி.

அங்கு வரும் மாணவர் தம் பாடநூலில் ஓரிரு பத்திகளில் படித்து முடித்த ஒரு நோயை அன்றாடம் சந்திக்க நேர்கிறது. அது உணவுக்குழாய்ப் புற்றுநோய். பெரும்பாலான நாடுகளில் முதியவர்களின் நோயாக இருக்கும் இது, பொமெட் வட்டாரத்தில் 30 வயதுக்கு உட்பட்டவர்களையும் தாக்குவதை டென்வெக் மருத்துவர்கள் 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டனர். காரணம் இன்னும் முடிவாகவில்லை. கொதிக்கக் கொதிக்கத் தேநீர் அருந்தும் வழக்கம், சுரைக்குடுக்கையின் உட்புறத்தில் மரக்கரியைத் தேய்த்துப் பால் ஊற்றிப் புளிக்க வைக்கும் முர்சிக் என்னும் பானம், பரம்பரைக் கூறு ஆகிய யாவும் ஆய்வாளர்களின் ஐயப்பட்டியலில் உள்ளன.

நோயின் நிலையை அளக்க மாணவர் அங்கே கற்கும் முதல் கருவி கேள்விதான். மக்காச்சோள மாவில் கிண்டும் உகாலி என்ற களி, கேழ்வரகுக் களியைப் போலவே அவ்வூர் மக்களின் அன்றாட உணவு. அதை விழுங்க முடிகிறதா என்று முதலில் கேட்கப்படுகிறது. முடியவில்லை என்றால் உஜி என்னும் கூழ் இறங்குகிறதா, அதுவும் இல்லையெனில் தேநீர் இறங்குகிறதா, கடைசியில் சொந்த எச்சிலையாவது விழுங்க முடிகிறதா என்று வரிசையாகக் கேட்டு வர, படம் எடுக்கும் முன்பே குழாய் எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். எச்சிலைத் துப்புவதற்கு டப்பாவைக் கையிலேயே வைத்திருக்கும் நிலையில் பலர் வந்து சேர்வதால், அறுவை சிகிச்சைக்கான காலம் அவர்களுக்குக் கடந்திருக்கும். அத்தகையோருக்கு எண்டோஸ்கோப் எனப்படும் உள்நோக்குக் குழாயைச் செலுத்தி, தானாக விரியும் உலோக வலைக்குழாயான ஸ்டென்ட்டை அடைப்பின் குறுக்கே பொருத்துகின்றனர். வேறிடங்களில் எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே செய்யும் இவ்வேலையை, அந்த வசதியின்றி எண்டோஸ்கோப்பை மட்டும் கொண்டே செய்ய முடியும் என்பதை டென்வெக் தன் அனுபவத்தால் காட்டியது. ஸ்டென்ட் புற்றுநோயைக் குணமாக்குவதில்லை. எஞ்சிய மாதங்களில் நோயாளி குடும்பத்தாரோடு அமர்ந்து உண்ண வழிசெய்கிறது. குணப்படுத்துவதையே வெற்றி என்று பழகிய மாணவருக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடுவதில்லை.

செல்வ நாடுகளில் அருகிவிட்ட ருமாட்டிக் இதய நோயும் அங்கே மிகுதி. சிறுவயதில் தொண்டையில் தொற்றும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்க எழும் உடலின் தற்காப்பு, தடம் மாறி இதய வால்வுகளையே தாக்கி அவற்றைச் சுருங்கவும் ஒட்டவும் செய்வதால் உண்டாகும் நோய் இது. அவ்வால்வுகளுள் ஒன்றான மைட்ரல் வால்வு குறுகிய நோயாளியை இடப்பக்கமாகச் சரிந்து படுக்க வைத்து, ஸ்டெதாஸ்கோப்பின் மணி போன்ற பக்கத்தை மார்பின் இடக்கீழ்ப் பகுதியில் பட்டும் படாமலும் வைத்தால், தொலைவில் மாட்டு வண்டி மரப்பாலத்தைக் கடப்பது போன்ற தாழ்ந்த உருளொலி கேட்கும். சற்று அழுத்திவிட்டாலோ அவ்வொலி மறைந்துவிடும். ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ கருவி டென்வெக்கிலும் உண்டு என்றாலும், ஒவ்வொரு சோதனைக்கும் பணம் குடும்பத்தாரின் பையிலிருந்து போவதால், காதாலும் கையாலும் அறியக்கூடியதை முதலில் அறிந்துகொள்வதே அங்கு முறை. மிஷன் மருத்துவமனை என்றால் இலவசம் என்ற எண்ணம் பொதுவாகத் தவறு. பெரிய தொகை தேவைப்படும்போது உற்றாரும் ஊராரும் கூடி நிதி திரட்டும் ஹரம்பே என்ற வழக்கம் கென்யாவெங்கும் உண்டு. அதற்காகக் காத்திருக்கும் நாட்களில் நோயும் காத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை.

இப்பயிற்சியில் மிகக் கூரான கேள்வி மாணவரின் தகுதியைப் பற்றியதே. வெள்ளைக் கோட்டு அணிந்தவரை ஸ்வாஹிலியில் ‘டக்டாரி’, அதாவது டாக்டர், என்று நோயாளிகள் அழைக்கின்றனர். அந்த விளியைக் கேட்டு மயங்கி, சொந்த நாட்டில் செய்ய அனுமதியில்லாத தையலையோ துளையிடலையோ இங்கே செய்துபார்க்கும் ஆசை எழுவது இயல்பு. ஏழை நோயாளியின் உடல் பழகுவதற்கான களமன்று என்பதால், மாணவர் தம் பயிற்சி நிலையை வெளிப்படையாகச் சொல்லி, மேற்பார்வையின் கீழ் தம் தகுதிக்குள் மட்டுமே செயல்பட வேண்டும் என்று 2010-இல் வெளியான உலகளாவிய மருத்துவப் பயிற்சிக்கான நெறிமுறை வழிகாட்டுதல்கள் வலியுறுத்தின. நடைமுறையில் அவருக்குப் பக்கத்தில் நிற்பவரோ கிளினிக்கல் ஆபீசர். மூன்றாண்டுப் பட்டயப் படிப்பும் ஓராண்டுப் பணிப்பயிற்சியும் முடித்து, கென்யாவின் அன்றாட வைத்தியத்தில் பெரும்பங்கைச் சுமக்கும் இவர், பட்டத்தில் குறைந்தவராக இருந்தாலும் கைத்திறனில் வெளிநாட்டு மாணவரைவிடப் பல படி முன்னே நிற்பவர். நோயாளியின் மொழியும் இவருக்குத் தெரியும். மாணவருக்குத் தெரிந்ததோ கிப்சிகிஸ் மக்கள் பேசும் கலென்ஜின் மொழியின் ‘சம்கெய்’ என்ற வணக்கச் சொல்லும், துன்பப்படுபவரிடம் இரக்கம் காட்டச் சொல்லப்படும் ஸ்வாஹிலியின் ‘போலே’யும்தான்.

அறுவைக்கு முன் குழுவினர் தலைகுனிந்து வேண்டிக்கொள்வதும் வார்டில் போதகர் வந்து போவதும் இத்தகைய மருத்துவமனைகளின் அன்றாட ஒழுங்கு. நம்பிக்கையுள்ள மாணவர்க்கு இது ஊக்கம். நோயாளியின் இயலாமை நேரத்தில் மதம் பேசுவது முறையா என்ற கேள்வி பிறர்க்கு எழும், அதை எழுப்புவதில் தவறுமில்லை.

வருகிறவர் பெறுவது மிகுதி, தருவது சொற்பம் என்பதை ஒளிக்கத் தேவையில்லை. மேற்பார்வைக்குச் செலவாகும் மூத்த மருத்துவரின் நேரமே இதில் பெரிய செலவு. டென்வெக்கின் முக்கியமான பயிற்சிப் பணி வேறு திசையில் நடக்கிறது. 1996-இல் தொடங்கப்பட்ட பான்-ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ அறுவை மருத்துவர் கழகம், அறுவை மருத்துவர்களை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்குப் பதிலாக ஆப்பிரிக்க மருத்துவர்களையே மிஷன் மருத்துவமனைகளில் ஐந்தாண்டு பயிற்றுவிக்கிறது. டென்வெக் அதன் பயிற்சி நிலையங்களுள் ஒன்று. ஆகவே இடப்பக்கமாகச் சரிந்து படுத்த நோயாளியின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை அழுத்தாமல் வைக்கும்படி அமெரிக்க மாணவரின் கையைத் திருத்துபவர், இன்று அமெரிக்க மிஷனரியாக இருக்க வேண்டியதில்லை. கென்ய மருத்துவராகவும் இருக்கலாம்.