ட்ரோனுக்குக் கண் உண்டா?

வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்குள் ஆள் இல்லை. ஓட்டுபவர் வரப்பில் நின்று இயக்குகிறார். 2023-இல் மத்திய அரசு 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தை அறிவித்தது. 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்குவது அதன் நோக்கம். வானில் ட்ரோன்கள் பெருகி வருகின்றன.

வானம் பெரியது. ஆனாலும் அங்கே மோதல் நடப்பதுண்டு. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவில் சர்க்கி தாத்ரி அருகே இரண்டு விமானங்கள் நடுவானில் மோதின. ஒன்று டில்லியிலிருந்து புறப்பட்டது. மற்றொன்று டில்லிக்கு வந்துகொண்டிருந்தது. 349 பேர் இறந்தார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இன்று பெரிய விமானங்களில் மோதல் தடுப்புக் கருவி இருக்கிறது. ஒரு விமானத்தின் கருவி ரேடியோ அலையில் கேள்வி கேட்கும். மற்ற விமானத்தின் கருவி பதில் சொல்லும். தூரமும் உயரமும் தெரிந்துவிடும்.

பல சிறிய ட்ரோன்களில் இந்தக் கருவி இல்லை. அப்படியானால் எப்படி விலகுவது? கண்ணால் பார்த்துத்தான் விலக வேண்டும். ட்ரோனின் கண் எது? கேமராதான்.

கேமரா ஒரு நொடியில் பல படங்கள் எடுக்கும். கணினி அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடும். தூரத்து விமானம் சிறு புள்ளியாகத் தெரியும். அது பறவையா, மேகமா, விமானமா? ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிக் கணினியை முன்பே பழக்கியிருப்பார்கள்.

எந்தப் புள்ளி ஆபத்தானது? குறுக்கே நகரும் புள்ளி பெரும்பாலும் விலகிப் போய்விடும். ஒரே இடத்தில் நின்று, பெரிதாகிக்கொண்டே வரும் புள்ளியைத்தான் கவனிக்க வேண்டும். அது நேராக நம்மை நோக்கி வருகிறது!

நேரமோ குறைவு. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் வரும் ஹெலிகாப்டர் 1 கி.மீ. தூரத்தை 18 நொடியில் கடந்துவிடும். அதற்குள் கணினி கண்டுபிடிக்க வேண்டும். ட்ரோன் விலகவும் வேண்டும்.

இந்தக் கண்ணுக்கும் குறை உண்டு. மூடுபனியிலும் இருட்டிலும் சரியாகத் தெரியாது. எதிர்வெயிலில் கூசும். எல்லா ட்ரோன்களிலும் இந்த வசதி இல்லை. ஆகவே ஓட்டுபவரின் கண்ணும் காதுமே முதல் காவல்.

2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆள் இருக்கும் விமானத்துக்கு ட்ரோன்தான் வழிவிட வேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை அனுமதி கேட்காமல் பறக்கலாம். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

ஹெலிகாப்டர் சத்தம் கேட்கிறதா? ட்ரோனை உடனே தரையிறக்குங்கள். தெளிக்கும் வேலையைப் பிறகு முடிக்கலாம். மேலே போவதில் மனிதர்கள் இருக்கிறார்கள்.