தரமுயர்வும் சமனின்மையும்: நோர்தேர்ன் லீக் தரும் படிப்பினை

உதைபந்தாட்டப் பிரிவுகளுக்கிடையிலான தரமுயர்வு, திறமைக்குக் கிடைக்கும் நியாயமான வெகுமதி என்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. இக்கருத்தை இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதி வரலாற்றைக்கொண்டு நாம் பரிசீலிக்கலாம்.

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த டர்ஹாமையும் அதன் அயலையும் களமாகக்கொண்ட நோர்தேர்ன் லீக், 1889இல் தோன்றியது. அமெச்சூர் ஆட்டத்தின் கோட்டையாக நெடுங்காலம் விளங்கிய அது, நாடளாவிய படிநிலை அமைப்பில் 1991இல் இணைந்தபோது தாழ்ந்த படியொன்றிலேயே இடம்பெற்றது. ஆனால், அதன் முன்னணிக் கழகங்களின் ஆட்டத்தரம் அப்படிக்கு உரியதன்று. கீழ்ப்படிக் கழகங்களுக்கான எவ்.ஏ. வாஸ் கிண்ணத்தை 2009 முதல் 2013 வரை ஐந்து ஆண்டுகளும் இந்த லீக்கின் கழகங்களே வென்றன. அவற்றுள் முதல் மூன்று வெற்றிகள் விற்லி பே கழகத்துக்குரியவை.

அவ்வாறாயின் வென்றோர் மேலேறாதது ஏன்? மேற்பிரிவு நெடுந்தூரப் பயணத்தைக் கோரியது. ஒளிவிளக்கு, இருக்கை என மைதானத்துக்கும் நிபந்தனைகள் விதித்தது. தொழில் செய்துகொண்டே விளையாடுவோரையும் சொற்ப நுழைவுக் கட்டணத்தையும் நம்பிய கழகங்கள் பல, தரமுயர்வை வேண்டாமென ஒதுக்கின. இதனால் வலியோர் கீழேயே தங்கினர். அவர்களோடு மோதவேண்டிய சிறு கழகங்கள் அதன் சுமையைத் தாங்கின.

எனவே, இச்சமனின்மை ஆட்டக்களத்தில் மட்டும் பிறப்பதன்று. விதி அனைவர்க்கும் ஒன்று, வசதி ஒன்றன்று. பயணச் செலவைப் பொதுவில் பகிராது, பிரிவுகளை அயலடிப்படையில் வகுக்காது, ஏணியை மட்டும் நிறுத்துவது வசதியுடையோர்க்கே ஏறும் உரிமையை வழங்குவதாகும்.